பழைய மெத்தைகளைக் கொண்டு கோலூன்றித் தாண்டுதலுக்கான மெத்தைத் தளம் அமைத்தல்

கோலூன்றித் தாண்டுதலுக்குரிய புதிய மெத்தைத் தொகுதி பல லட்சம் ரூபாய் விலை பெறுவது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் எங்கள் இராமநாதபுரக் கடற்கரையில் ஓர் ஊர்ப்புறப் பள்ளியோ இளைஞர் மன்றமோ அதை வாங்கும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆனால் பெரிய ஊர்களின் கல்லூரிகளும் விளையாட்டரங்குகளும் பழைய மெத்தைகளைக் கழித்துவிட்டுப் புதியவற்றை வாங்கும்போது, கழிக்கப்பட்டவை கிடங்குகளிலும் சில வேளைகளில் காயலான் கடைகளிலும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றுள் நல்லவற்றைத் தேர்ந்து, சேர்த்துக் கட்டி, பயிற்சிக்குத் தகுந்த ஒரு தளமாக்குவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். மண்டபம் ஊருக்கு மேற்கே ஒரு மணற்பாங்கான திடலில் இதைச் செய்து பார்த்தபோது நான் கற்றவற்றையும், தவறாகச் செய்து பின் திருத்தியவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். இங்கே விளக்கப்படும் தளம் பயிற்சியாளரின் மேற்பார்வையில், 3 மீட்டருக்கு உட்பட்ட உயரங்களில், தொடக்கநிலை மாணவர்கள் பழகுவதற்கு மட்டுமே உரியது. போட்டி நடத்துவதற்கு அன்று. 2014ஆம் ஆண்டில் 4.15 மீட்டர் தாண்டிய வி. எஸ். சுரேகாவும், 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் 4.20 மீட்டர் தாண்டிய ரோஸி மீனா பால்ராஜும், அதே போட்டியில் ஆண்கள் பிரிவில் 5.31 மீட்டர் தாண்டிய எஸ். சிவாவும் தமிழ்நாட்டவர்கள் என்பதால், நம் பிள்ளைகள் மூன்றாம் நாளே கம்பியை ஏற்றச் சொல்லிக் கேட்பார்கள். அந்த உயரங்களுக்கு உரிய மெத்தை வேறு. கேட்கிறார்கள் என்பதற்காக ஏற்றக் கூடாது.

உலகத் தடகள விதிகளின்படி, பெரிய போட்டிகளுக்கான மெத்தை, முன்துண்டுகளைச் சேர்க்காமல், 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 80 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும். மற்றப் போட்டிகளுக்கு நீள அகலம் 5 மீட்டர் அளவிலேனும் இருக்க வேண்டும். கோலை ஊன்றும் குழியான ஊன்றுபெட்டியின் இருபுறமும் ஓடுபாதையை நோக்கி நீளும் முன்துண்டுகள் 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. பயிற்சிக்குத்தானே என்று இந்த 5 மீட்டரைக் குறைக்க நினைப்பவர்கள், நன்கு தாண்டத் தெரிந்தவன் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுவான் என்பதையும், தெரியாதவன் எங்கே விழுவான் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டில் மட்டும் மூன்று மாணவ வீரர்கள் மெத்தைக்கு வெளியிலோ ஊன்றுபெட்டியிலோ தலை மோதி இறந்தனர். அதன் பிறகே அங்கு 2003 முதல் பள்ளி, கல்லூரிப் போட்டிகளுக்கான மெத்தையின் குறைந்த அளவு பெரிதாக்கப்பட்டது. ஆகவே 5 மீட்டருக்கு 5 மீட்டர், 80 சென்டிமீட்டர் உயரம், 2 மீட்டர் முன்துண்டுகள் ஆகியவற்றுக்குப் போதுமான மெத்தை சேரும் வரை கட்டத் தொடங்காமல் இருப்பதே முறை. எங்களுக்கு அது சேர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

எதை எடுப்பது, எதை விடுவது

மெத்தையின் உள்ளே இருப்பது காற்றறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சு. ஒருவன் விழும்போது அது நசுங்கி, உள்ளிருக்கும் காற்று மெல்ல வெளியேறுவதால்தான் விழுந்தவன் எகிறாமல் அமிழ்கிறான். இந்த ஒரு செய்தியை மனத்தில் கொண்டால் பொருள்களை ஏற்பதும் தள்ளுவதும் எளிதாகும். உயரம் தாண்டுதலுக்கான பழைய மெத்தைகளும், ஜிம்னாஸ்டிக் கூடங்களின் தடித்த விழுமெத்தைகளும் ஏற்புடையவை. வீட்டுக் கட்டில் மெத்தைகள் எவையும் உதவா: சுருள்கம்பி மெத்தை விழுந்தவனைத் தூக்கி எறியும், ரப்பரிட்ட தேங்காய் நார் மெத்தை கட்டியானது, இலவம்பஞ்சு நாளடைவில் கட்டி தட்டும். பொருள்களைப் பொதியும் வெள்ளை நிற ஈபிஇ ஃபோம் தகடுகளில் காற்றறைகள் மூடியே இருப்பதால் அவற்றுக்கு அமிழும் குணம் இல்லை. எங்கள் பக்கம் மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும் என்பதால், அடியில் அவற்றை அடுக்கி உயரத்தைக் கூட்டிவிடலாம் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். பெட்டி ஒன்று உள்ளே நொறுங்கினால் மேலிருந்து பார்ப்பவருக்கு அங்கே பள்ளம் விழுந்தது தெரியாது என்பதால் அதை ஏற்கவில்லை.

பழைய ஸ்பாஞ்சு மஞ்சளாக இருப்பது குறையன்று; வெளிச்சம் பட்ட ஸ்பாஞ்சு மஞ்சளாவது இயல்பு. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்வதும், பிசுபிசுப்பதும், அழுத்திய கைத்தடம் எழாமல் அப்படியே நிற்பதும்தான் கழிக்க வேண்டிய அறிகுறிகள். மெத்தைக்குச் சொந்தக்காரர்கள் உறையைப் பிரிக்க விடமாட்டார்கள். இருந்தாலும் ஜிப்பைத் திறந்து கையை முழங்கை வரை விட்டுப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. மேலே நன்றாக இருந்து, நடுவில் மூன்று நான்கு விரிசல்களாகப் பிளந்து கிடந்த ஒரு மெத்தையை நான் வெளித்தோற்றத்தை நம்பி வாகன வாடகை கொடுத்து ஏற்றி வந்திருக்கிறேன்.

அடுத்து எடை. தரையிறங்கு மெத்தைகளுக்கான ஸ்பாஞ்சு பெரும்பாலும் கன மீட்டருக்கு 20 கிலோவை ஒட்டிய அடர்த்தி உடையது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரமுள்ள துண்டு ஏறத்தாழ 10 கிலோ இருக்க வேண்டும் என்று இதிலிருந்து கணக்கிடலாம். அது 20 கிலோவைத் தாண்டினால் உள்ளே தண்ணீர் நிற்கிறது என்று கொள்ள வேண்டும். மழைத்தண்ணீர் என்றால், துண்டை விளிம்பில் நிமிர்த்திச் சாய்த்து, நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் வடிந்து உலர்ந்துவிடும். கடல்நீரில் நனைந்ததென்றால் கதை வேறு. சமையலறை உப்புச் சாடி மழைக்காலத்தில் தானாகவே கசிவதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே உப்பு அதை உறிஞ்சத் தொடங்கிவிடும். எங்கள் கடற்கரையில் பல இரவுகளில் ஈரப்பதம் அதற்கு மேலேயே நிற்பதால், உப்பு தங்கிய ஸ்பாஞ்சு பகலில் காய்ந்து இரவில் மறுபடி நனைந்துகொண்டே இருக்கும். நல்ல தண்ணீரை இரண்டு மூன்று முறை ஊற்றி மிதித்துப் பிழிந்தால் ஒழிய அந்த உப்பு போகாது. குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் ஊர்களில் அதைச் செய்வது பெரும்பாலும் கட்டுபடியாகாது என்பதால், கடல்நீர் பட்ட மெத்தையை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே மேல்.

இடமும் காற்றும்

ஓடுபாதைக்குக் குறைந்தது 40 மீட்டர் நீளமும் 1.22 மீட்டர் அகலமும் வேண்டும். அது எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை இப்பகுதியில் காற்றே முடிவு செய்கிறது. எதிர்க்காற்றில் ஓடி வரும் தொடக்கநிலை மாணவனுக்கு வேகம் குறைந்து, கோல் நிமிராமல், அவன் மெத்தையை எட்டாமலே பெட்டியின் மேல் திரும்பி விழ நேரிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும். அதன் பிறகு வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையோடு வரும். மழை மாதங்களில் எப்படியும் பயிற்சி தடைப்படும் என்பதால் கச்சானைக் கணக்கில் வைத்து, தென்மேற்கில் தொடங்கி வடகிழக்கில் மெத்தை அமையுமாறு ஓடுபாதையை இட்டோம். மாலைப் பயிற்சியில் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடுவது இதனால் கிடைத்த கூடுதல் நன்மை.

தளத்தைச் சுற்றி நாற்புறமும் 2 மீட்டருக்குக் குறையாமல் கல், சிமெண்டு விளிம்பு, கம்பி வேலி எதுவும் இருக்கக் கூடாது. மணற்பாங்கான நிலம் இதற்கு வாய்ப்பானது. அவ்வப்போது மண்வெட்டியால் கிளறி விட்டாலே போதும். சீமைக் கருவேல முள்ளைப் பொறுக்கும் வேலை மட்டும் ஒருநாளும் முடியாது. அது உறையையும் துளைக்கும், வெறுங்காலையும் துளைக்கும்.

அடித்தளம்

மெத்தை நேராகத் தரையில் கிடந்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும், காற்றும் வெளியேறாது. சரக்கு ஏற்றும் மரப்பலகைத் தட்டுகளைத் தலைகீழாகவோ நேராகவோ பரப்பி, ஆணித்தலைகளை எல்லாம் உள்ளே இறக்கி, தட்டுகளை ஒன்றோடொன்று கட்டிவிட வேண்டும். தட்டுகளின் விளிம்பு மெத்தையின் விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளடங்கி இருக்க வேண்டுமே தவிர வெளியே நீளக் கூடாது. பழைய பனஞ்சட்டங்கள் கிடைத்தால் உப்புக் காற்றுக்கு அவை நெடுநாள் தாங்கும். ஆனால் பனைச் சிராய் பொல்லாதது என்பதால் இழைத்துவிட்டே பயன்படுத்த வேண்டும். தட்டின் உயரத்தை 80 சென்டிமீட்டர் கணக்கில் சேர்த்துக்கொள்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வதாகும்; அந்த 80 முழுவதும் ஸ்பாஞ்சாகவே இருக்க வேண்டும்.

முன்துண்டுகளின் கீழ் மட்டும் தட்டு வைக்கக் கூடாது. பெட்டிக்கு அருகே தட்டின் கட்டை நீட்டிக்கொண்டிருந்தால், அங்கே தவறி இறங்கும் பாதமோ தலையோ அதில்தான் மோதும். அவற்றைத் தரையிலேயே வைத்து, தட்டின் உயரத்துக்கு ஈடான ஸ்பாஞ்சை அடியில் கூட்டி மேல்மட்டத்தைச் சமப்படுத்த வேண்டும்.

அடுக்கும் கட்டும்

இந்த வேலையின் உயிர்நிலை இதுதான். பழைய மெத்தைகளால் ஆன தளத்தில் ஆபத்து மெத்தையின் நடுவில் இல்லை. இரண்டு மெத்தைகள் சேரும் இடத்தில் இருக்கிறது. விழும் வேகத்தில் துண்டுகள் விலகி, அந்த இடுக்கில் கால் இறங்கினால் கணுக்கால் திருகிக்கொள்ளும். தலை இறங்கினால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. நாங்கள் முதலில் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கி வைத்து, மேலே ஒரு தார்ப்பாயைப் போர்த்தி, நான்கு மூலையிலும் கட்டிவிட்டு நிறைவடைந்தோம். இரண்டாம் வாரம் ஒரு மாணவனின் கால் நடுவிடுக்கில் பலகைத்தட்டு வரை இறங்கியது. சுளுக்கோடு போயிற்று. அன்றே எல்லாவற்றையும் பிரித்தோம்.

கொத்தனார் செங்கல் அடுக்கும்போது இணைப்பின் மேல் இணைப்பு வராமல் மாற்றி வைப்பதைப் போல மெத்தைகளையும் அடுக்க வேண்டும். கீழடுக்குக்கு 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் உள்ள இரண்டு துண்டுகளை எடுத்து, அவற்றின் இணைப்பு ஓடுபாதைக்குக் குறுக்காக அமையும்படி கிடத்தலாம். மேலடுக்கை ஓடுபாதையின் போக்கில் நீளவாட்டில் வைக்க வேண்டும். ஆனால் இரண்டு துண்டுகளாக வைத்தால் இணைப்பு சரியாக நடுக்கோட்டில், அதாவது எல்லோரும் விழும் இடத்தில், வந்து சேரும். அதனால் 1.5 மீட்டர், 2 மீட்டர், 1.5 மீட்டர் என்று மூன்று துண்டுகளாக, 30 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டி, அகலமான துண்டை நடுவில் வைத்தோம். இருப்பதிலேயே உறுதியான ஸ்பாஞ்சு அந்த நடுத்துண்டுக்கே போக வேண்டும். உயரம் கூடக் குறைய இருந்தால் கீழடுக்கின் அடியில் ஸ்பாஞ்சுத் தகடு கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். மேலே ஒட்டுப்போட்டுச் சமன்செய்தால் அந்த ஒட்டு நாளடைவில் நழுவும்.

வெட்டுவதற்கு மீன் துண்டு போடும் நீண்ட கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டால் போதும். சூடேற்றிய கம்பியால் அறுப்பது எளிதாகத் தோன்றினாலும், பாலியூரித்தேன் எரியும்போது நச்சுப்புகை வருவதால் அதை அறவே தவிர்க்க வேண்டும். ரப்பர் பசையால் ஒட்டும்போது பசை காய்ந்த கோடு கட்டியாகிவிடும். எனவே ஒட்டுதல் கீழ்ப்பகுதியில் மட்டும், பட்டை பட்டையாக இருக்கட்டும்.

இனி வலை. தார்ப்பாய் தோற்றுப்போன பிறகு, துண்டு துண்டாகக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தேன். கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “வாத்தியாரே, தனித்தனியாக் கட்டினா தனித்தனியாத்தான் போகும். மொத்தத்துக்கும் ஒரே மடியாப் போடுங்க” என்றார். மடி என்றால் பை போன்ற வலை. நெடுங்காலத்துக்கு முன்பு, முதன்முதலாக ஸ்பாஞ்சுத் துண்டுகளைக் கொண்டு தரையிறங்கு தளங்கள் செய்யப்பட்டபோது அவற்றை வலைப்பைக்குள் அடைத்தே வைத்தார்கள் என்பது எனக்குப் படித்த செய்தியாகத் தெரிந்திருந்தது. அருகில் கடலோரமே வலையாகக் கிடக்க, அது எனக்குத் தோன்றாமல் போனதுதான் வியப்பு.

5 மீட்டர் சதுரத் தளத்தை மேலிருந்து மூடி, பக்கங்களில் 70 சென்டிமீட்டர் இறங்கி, அடியில் அரை மீட்டர் உள்ளே திரும்ப வேண்டுமென்றால் 8 மீட்டருக்கு 8 மீட்டர் வலை தேவைப்படும். இழுவை மடியில் பயன்பட்டுக் கழிந்த தடித்த வலைகள் இதற்கு ஏற்றவை. ஒற்றை நைலான் இழையாலான தங்கூசி வலை வேண்டாம், அது ஸ்பாஞ்சை அறுக்கும். வலையின் கண் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. வெயிலில் நெடுநாள் கிடந்த வலை பார்வைக்கு நன்றாக இருந்து இழுத்தால் அறும் என்பதால், பத்துப் பன்னிரண்டு இடங்களில் காலால் மிதித்துக் கையால் இழுத்துச் சோதித்த பிறகே எடுக்க வேண்டும். துண்டுகளைச் சேர்ப்பதற்கும் ஓரக்கயிறு கோப்பதற்கும் வலை ஊசி பிடிக்கத் தெரிந்தவர் இருவர் கிடைத்தால் ஒரு பகலில் வேலை முடியும். அவர்கள் போடும் முடிச்சு உப்புக்கும் வெயிலுக்கும் நழுவாது. நான் போட்டது நழுவியது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வலையை மேற்பரப்பில் விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டால் அது பறைத்தோல் போல ஆகி, விழுந்தவனை அமிழவிடாமல் எற்றும். துண்டுகளைப் பிரியாமல் பிடிப்பது மட்டுமே வலையின் வேலை. எனவே விறைப்பு முழுவதும் பக்கவாட்டில் இருக்க வேண்டும்: தளத்தைச் சுற்றி, பாதி உயரத்தில், லாரிகளில் சரக்கு கட்டும் அகலமான பட்டையை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்க வேண்டும், மேற்பரப்பில் வலைக்கும் மெத்தைக்கும் இடையே உள்ளங்கை தாராளமாக நுழையும் அளவு தொய்வு விட வேண்டும்.

வலையின் மேல் 10 சென்டிமீட்டர் தடிப்புள்ள மேல்மெத்தை ஒன்று, இடையில் பிரிவே இல்லாமல், தளம் முழுவதையும் மூட வேண்டும். இது ஒன்றை மட்டும் புதிதாக வாங்குவது நல்லது. குஷன் கடைகளில் 32 டென்சிட்டி என்று கேட்டால் கிடைக்கும் ஸ்பாஞ்சுத் தகடுகளை ஒட்டி, ஒரே உறைக்குள் தைத்துக்கொள்ளலாம். குதிகாலோ முழங்கையோ ஓரிடத்தில் குத்தும் விசையை இந்தக் கெட்டியான மேல்மெத்தைதான் பரவலாக்கிக் கீழுள்ள மென்மையான ஸ்பாஞ்சுக்கு அனுப்புகிறது. உறையின் மேற்பகுதி ரெக்சினாகவோ தார்ப்பாய்த் துணியாகவோ இருக்கலாம். பக்கங்கள் மட்டும் வலைத்துணியாக இருந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் காற்று வெளியேற வழியில்லாமல் தளம் ஊதிய பலூன் போல நடந்துகொள்ளும். ஆட்டோ, பேருந்து இருக்கை தைப்பவர்கள் இந்த உறையை நன்றாகவே தைப்பார்கள். பாலியெஸ்டர் நூலில் இரட்டைத் தையல் வேண்டும் என்றும், ஜிப் பித்தளையிலோ இரும்பிலோ அல்லாமல் பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட வேண்டும்.

ஊன்றுபெட்டியைச் சுற்றி

பெட்டி உட்புறத்தில் 1 மீட்டர் நீளம். முன்பக்கம் 60 சென்டிமீட்டர் அகலமாகத் தொடங்கி, பின்பலகையின் அடியில் 15 சென்டிமீட்டராகக் குறுகும். அங்கே ஆழம் 20 சென்டிமீட்டர். அடித்தளத்துக்கும் பின்பலகைக்கும் இடையே 105 பாகைக் கோணம். இரும்பில் செய்த பெட்டி எங்கள் கரையில் இரண்டு மழைக்காலத்துக்குள் துரு ஏறி ஓரம் பிளேடாகிவிடும். ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்களிடம் மரத்தில் அச்சு செய்து கொடுத்தால் அதே பொருளில் பெட்டி வார்த்துத் தருவார்கள். அச்சின் கோணங்களை நாமே அளந்து சரிபார்க்க வேண்டும். மேல்விளிம்பு ஓடுபாதையின் மட்டத்துக்கு மேல் ஒரு நூல்கூடத் துருத்தக் கூடாது. அடியில் துளையிட்டு, ஒரு பிவிசி குழாயை ஜல்லிக் குழிக்கு இறக்கிவிட்டால் மழைநீர் தேங்காது.

மெத்தையின் பக்கங்கள் பெட்டியிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விலகியிருக்க வேண்டும் என்றும், பெட்டியை நோக்கிய முகம் ஏறத்தாழ 45 பாகையில் வெளிப்புறம் சாய்ந்திருக்க வேண்டும் என்றும் விதி கூறுகிறது. கோல் வளையும்போது பக்கவாட்டிலும் சாயும் என்பதால் அந்த இடைவெளி தேவைப்படுகிறது. ஆனால் தவறி விழுபவன் விழும் இடமும் அதுவே. இடைவெளி கூடினால் உடலுக்கு ஆபத்து, குறைந்தால் கோல் மெத்தையில் இடித்துத் திசை மாறும். இதைச் சரிபார்க்க, பயிற்சிக் கோலைப் பெட்டியில் ஊன்றி, இருவர் பிடித்து மெதுவாக நிமிர்த்தி, இடப்புறமும் வலப்புறமும் பின்புறமும் சாய்த்துப் பார்த்து, கோல் உரசும் இடங்களைச் சுண்ணாம்பால் குறித்து, அங்கே மட்டும் சிறிது சிறிதாகச் செதுக்க வேண்டும். பெட்டியின் விளிம்பை மூடும் மென்மையான காப்புப் பட்டையை மட்டும் கையால் செய்யாமல், அதற்கென்றே தயாரித்து விற்பதை வாங்கிவிடுங்கள். மொத்தச் செலவில் கஞ்சத்தனம் பார்க்கத் தகாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

முன்துண்டுகளை முதன்மைத் தளத்தோடு அகலப் பட்டைகளாலும் வெல்க்ரோவாலும் பிணைத்து, இணைப்பின் மேல் ஒரு மடல் துணி வந்து மூடும்படி செய்ய வேண்டும். கம்பி தாங்கும் ஸ்டாண்டுகளின் அடிப்பீடங்களுக்கும் மெத்தையுறை போட வேண்டும். மிச்சம் விழும் ஸ்பாஞ்சுத் துண்டுகள் அதற்கே போதும்.

சோதனை

3 மீட்டர் கம்பியைத் தாண்டியவன் 80 சென்டிமீட்டர் மெத்தையில் விழும்போது 2.2 மீட்டர் இறங்கி, மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேர்கிறான். அவன் அரை மீட்டர் அமிழ்ந்து நின்றால் அவன்மீது சராசரியாகத் தன் எடையைப் போல் ஐந்தரை மடங்கு விசை செயல்படும். 20 சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் பன்னிரண்டு மடங்கு. அரை மீட்டருக்கு மேல் அமிழ்ந்து பலகையைத் தொட்டுவிட்டாலோ இந்தக் கணக்கே உதவாது.

ஆகவே 40 கிலோ மணல் நிரப்பிய சாக்கு ஒன்றை, மேலும் ஒரு சாக்கால் பொதிந்து, சாய்ப்பு ஏணியிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். சாக்கின் வாயில் கட்டிய மெல்லிய கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சிட்டு, பின்னால் ஒரு நிலைக்கம்பை நட்டு, கைப்பேசியில் மெதுவாக ஓடும் படமாக எடுத்தால் எவ்வளவு அமிழ்ந்தது என்பது முடிச்சைக் கொண்டு தெரிந்துவிடும். நடுவில், நான்கு மூலைகளில், ஒவ்வோர் இணைப்பின் மேலும் என்று பத்து இடங்களிலேனும் இதைச் செய்ய வேண்டும். சாக்கு 60 சென்டிமீட்டருக்கு மேல் அமிழ்ந்தாலோ, விழுந்தபின் துண்டுகளுக்கிடையே கை நுழையும் இடுக்கு தெரிந்தாலோ அந்த இடத்தைப் பிரித்துத் திருத்த வேண்டும். சோதனைக்கு உகந்த நேரம் பிற்பகல் இரண்டு மணி. வெப்பத்தில் ஸ்பாஞ்சு இளகுவதால், காலையில் தேறும் மெத்தை பிற்பகலில் தேறாமல் போகக்கூடும்.

சாக்கு தேறிய பிறகு ஆள். முதலில் மெத்தையின் மேல் நின்று முழங்காலில் விழுவது, பிறகு மேசையிலிருந்து முதுகில் விழுவது, பிறகு கம்பியில்லாமல் கோலோடு. கம்பியை வைக்கத் தொடங்கும்போது, பெட்டியின் பின்விளிம்பிலிருந்து மெத்தையை நோக்கி 80 சென்டிமீட்டர் வரை அதைத் தள்ளி வைக்க விதி இடம் தருகிறது. தொடக்கநிலை மாணவர்களுக்கு 60க்கும் 80க்கும் இடையிலேயே வைப்பது நன்று. கம்பி பின்னால் போகப் போக அவர்கள் மெத்தையின் உட்பகுதியில் விழுவார்கள்.

பேணுதல்

நாள்தோறும் பயிற்சிக்கு முன் பட்டைகளை இறுக்கி, இணைப்புகளின் மேல் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். பக்க வலைத்துணியில் ஓட்டை இருந்தால் எலி புகும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். தட்டுகளின் அடியில் வாரம் ஒருமுறை கம்பு விட்டுத் தட்டிப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். பீடி, சிகரெட்டு, வெல்டிங் எதுவும் 20 மீட்டருக்குள் வரக் கூடாது. உறையின் மேல் படியும் உப்பை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். குழாய் வைத்துக் கழுவினால் தையல் துளை வழியே நீர் உள்ளே இறங்கும்.

வேலை முடிந்ததும் தளத்தின் மேல் தார்ப்பாயைப் போர்த்தி, காற்று தூக்காதவாறு தரையில் அடித்த முளைகளில் கட்ட வேண்டும். தார்ப்பாய் பக்கங்களில் தரை வரை இறங்கக் கூடாது. ஒரு முழம் திறந்திருந்தால்தான் உள்ளே வியர்க்காது. அக்டோபர் நடுவில், வாடை தொடங்குமுன், முழுவதையும் பிரித்து ஒரு கூடத்துக்குள் விளிம்பில் நிறுத்தி வைக்கிறோம். பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டின் அடிப்பக்கத்திலும் அடுக்கையும் இடத்தையும் வடகிழக்கு மூலையையும் பெயின்டால் குறித்துவிட வேண்டும். முதல் ஆண்டு அப்படிக் குறிக்காமல் விட்டதால், ஜனவரியில் எது நடுத்துண்டு என்று கண்டுபிடிக்க மறுபடியும் சாக்கை எடுத்து ஏணியில் ஏற வேண்டியிருந்தது.